ஓ'சல்லிவனும் அவருடைய பங்காளிகளும்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பைப் பார்த்துவிட்டு, "அயர்லாந்துக்காரன் குடும்பப்பெயரை நாம் ஏன் தோண்ட வேண்டும்?" என்று ஒரு நண்பர் வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு பெயர் அப்பனிடமிருந்து மகனுக்கு ஆயிரம் வருடம் போனால் என்ன ஆகும், வழியில் எங்கெல்லாம் கைமாறும் என்று சோதித்துப் பார்க்க அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் போல வாய்ப்பான இடங்கள் உலகத்தில் குறைவு. அதனால்தான் அங்கே போகிறேன்.

மேற்கு அயர்லாந்தில் கால்வே பக்கத்துக் குறுநிலத் தலைவர் ஒருவர் 916இல் இறந்துபோனதைப் பழைய ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. அவருடைய குடும்பப்பெயர் ஓ கிளேரி. ஐரோப்பாவில் பரம்பரையாக வந்த குடும்பப்பெயர்களில் மிகப் பழையது இது என்று பலரும் காட்டுவார்கள். 'ஓ' என்றால் இன்னாருடைய பேரன், 'மக்' என்றால் மகன். அந்த இன்னார் செத்துப் பல நூறு வருடம் ஆன பிறகும் பெயர் நகராமல் அப்படியே நின்றது. நம் முன்னெழுத்தோ ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடுகிறது. என் தாத்தாவின் அப்பா பெயர் என் கையெழுத்தில் எங்கும் கிடையாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளிலும் 19ஆம் நூற்றாண்டு வரை நம் கதைதான், அப்பா பெயரே மகனுக்குப் பின்பெயர். அப்படிப்பட்ட இடத்தில் இந்த ஆய்வுக்குப் பிடிமானம் குறைவு.

சரி, ரத்தத்தில் எதைப் பார்க்கிறார்கள்? ஒய் குரோமோசோமை. அது ஆண்களிடம் மட்டும் இருக்கிறது, அப்பாவிடமிருந்து மகனுக்குப் பெரும்பகுதி கலப்பில்லாமல் போகிறது. குடும்பப்பெயர் போகிற அதே தடம். ஆனால் அதிலுள்ள மரபு எழுத்துகளைப் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். ஓலைச்சுவடி பதிப்பித்தவர்கள் செய்த வேலையை நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை. இங்கேயும் அதே தர்க்கம்தான். பிசகு இரண்டு வகை. ஒன்று, ஓர் எழுத்தே மாறிவிடுவது. மாறினால் பெரும்பாலும் மாறினதுதான். இன்னொன்று, ஒரே துணுக்கு அடுத்தடுத்து வரும் இடங்களில் அந்த எண்ணிக்கை ஒன்று கூடுவது அல்லது குறைவது. இது சற்று அடிக்கடி நடக்கும்.

பரிசோதனை முடிவு வந்தால் கையில் கிடைப்பது அந்தத் துணுக்குகளின் எண்ணிக்கை வரிசை, ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். டி.ஒய்.எஸ். 390 என்ற இடத்தில் அயர்லாந்தில் சாதாரணமாகக் காண்பது 24. வடமேற்கு மூலையில் நிறையப் பேருக்கு 25. டி.ஒய்.எஸ். 392இல் சாதாரணமாக 13. அதே ஆட்களுக்கு 14. இப்படி 12 இடம், 37 இடம், 111 இடம் என்று பார்ப்பார்கள். 12 இடம் மட்டும் பார்த்துவிட்டுச் சொந்தம் கொண்டாடுவது வீண். டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கே கானாட் மாகாணத்தில் கேலிக் (பழைய ஐரிஷ் மொழி) குடும்பப்பெயர் உள்ள ஆண்களில் 98 சதவீதம் பேர் ஒரே பெரும் தந்தைவழிப் பிரிவில் விழுந்தார்கள். ஆர்1பி பிரிவு என்று இன்று சொல்வது. அங்கே யாரைத் தொட்டாலும் மேலோட்டமாக யாரோடும் பொருந்தும்.

ஏடுகளைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். அயர்லாந்தில் ஏடு கிடையாது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக்காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி அங்கே சாம்பலானது. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளை அரசாங்கமே அதற்கு முன்பு அழித்திருந்தது. முழுசாகக் கிடைப்பதில் முதலாவது 1901தான். நடுவில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம்; பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கு மேலும் பேர் கப்பலேறினார்கள். பாஸ்டனில் இருக்கும் ஒரு மர்ஃபிக்குத் தன் கொள்ளுத்தாத்தா எந்தக் கிராமம் என்று தெரியாமல் போனதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2006இல் அதே டிரினிட்டி கல்லூரியின் மக்எவாயும் பிராட்லியும் 43 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,125 ஆண்களைச் சோதித்தார்கள். ஒரே பெயருள்ள இருவருக்கு ஒரே எண்வரிசை இருக்கும் வாய்ப்பு, வேறு பெயருள்ள இருவரைவிடச் சராசரியாக 30 மடங்கு அதிகம். ஆகப் பெயர் வெறும் ஒட்டுச்சீட்டு இல்லை. ஓ'சல்லிவன், ரயான் போன்ற பெயர்களுக்குப் பின்னால் ஒரே ஒரு பெரிய மூதாதை தெரிகிறார். மர்ஃபி, கெல்லி கதை வேறு. அயர்லாந்திலேயே அதிகம் பேருக்கு உள்ள பெயர் மர்ஃபி; அதற்குத் தொடக்கமே பல இடங்களில், பல ஆட்களிடம். இரண்டு மர்ஃபிகள் சந்தித்துக்கொண்டால் பங்காளிகளாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு வரி. சோதித்த எந்தப் பெயரிலும், இன்று அதைத் தாங்குகிறவர்களில் ஒரே மூல ஆளின் வழிவந்தவர்கள் ஏறக்குறையப் பாதியைத் தாண்டவில்லை. ஓ'சல்லிவனிலும்கூட.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு வரும், இப்போதும் வந்தது. யாரோ ஒரு பாட்டி வழிதவறிவிட்டாள் என்ற சிரிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தலைமுறைக்கு நூற்றில் இரண்டே இரண்டு பிள்ளைகள் மட்டும் பெயர் ஒன்று, தந்தைவழி வேறொன்று என்று ஆனதாக வைத்துக்கொள்வோம். 900 வருடம் என்றால் 30 தலைமுறை. 0.98ஐ முப்பது முறை பெருக்கினால் 0.545. நூற்றில் 55 பேர்தான் மிச்சம். பாதியை இழக்க ஊரே கெட்டுப்போக வேண்டியதில்லை, காலம் கடந்தால் போதும்.

அந்த இரண்டு பிள்ளைகளும் எப்படி வந்தார்கள்? தாய் தகப்பன் இல்லாத குழந்தையை எடுத்து வளர்த்திருப்பார்கள். கைம்பெண் மறுமணம் செய்யும்போது பிள்ளைகள் புது அப்பாவின் பெயரை எடுத்திருப்பார்கள். கல்யாணம் ஆகாத தாயின் பெயரையே பிள்ளை தாங்கியிருக்கும். மாமனார் நிலம் வேண்டும் என்றால் மாமனார் பெயரையும் ஏற்றுக்கொள் என்று நிபந்தனை இருந்திருக்கும். ஸ்காட்லாந்து மலைநாட்டில் கிளான் எனும் குலத்தின் தலைவருடைய நிலத்தில் உழுதவர்கள் அவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள். இவர்களையெல்லாம் 'பொருந்தவில்லை' என்று ஒரு கட்டத்தில் போட்டு மூடிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அரசர் வழி பற்றித்தான் ஏற்கெனவே எல்லாரும் எழுதிவைத்திருக்கிறார்களே, இந்தக் கட்டத்தில்தான் சாதாரண ஜனங்களின் சரித்திரம் இருக்கிறது.

அரசர் என்றதும் நியால் ஞாபகம் வருகிறார். ஒன்பது பிணைக்கைதிகளின் நியால் என்று பட்டப்பெயர் கொண்ட ஐந்தாம் நூற்றாண்டு மன்னர். சற்று முன்பு சொன்ன 25, 14 எண்வரிசை வடமேற்கு அயர்லாந்தில் ஐந்தில் ஒருவருக்கு இருப்பதையும், அது நியால் வழி என்று சொல்லிக்கொண்ட ஈ நேல் குலப்பெயர்களோடு ஒட்டிவருவதையும் 2006இல் இன்னொரு ஆய்வு காட்டியது. ஒரு மன்னருக்கு இத்தனை லட்சம் வாரிசா என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. நடக்காத காரியமும் இல்லை. 1423இல் இறந்த டர்லோ ஓ'டனல் என்ற டனிகால் தலைவருக்கு 18 மகன்கள், மகன்வழிப் பேரன்கள் 59 பேர் என்று வம்சாவளி சொல்கிறது. ஆனால் பின்னால் குரோமோசோமை இன்னும் விரிவாகப் படித்தபோது, அந்த எண்வரிசையோடு சேர்ந்து வரும் எம் 222 என்ற எழுத்துப் பிசகைத் தொடங்கிவைத்தவர் நியாலுக்கும் முந்தியவர் என்று தெரியவந்தது. தெற்கு ஸ்காட்லாந்திலும் அந்த அடையாளம் தாராளமாக இருக்கிறது. எம் 222 உள்ளவர் நியாலின் தூரத்துப் பங்காளியாக இருக்கலாம். வாரிசு என்று சொல்ல அது மட்டும் போதாது. நியால் படம் போட்ட கோப்பை விற்கிறவர்கள் இதை அட்டையில் அச்சிடுவதில்லை.

ஸ்காட்லாந்தில் இதைவிட வேடிக்கை. 1164இல் கொல்லப்பட்ட சாமர்லெட், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த நார்ஸ்காரர்களின் பிடியிலிருந்து மேற்குக் கரையை மீட்ட கேலிக் வீரர் என்று மெக்டொனால்டு குலத்தவர் போற்றும் மூதாதை. பழைய வம்சாவளிகள் அவரை அயர்லாந்து மன்னர் வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அவர் வழிவந்ததாகச் சொல்லும் மெக்டொனால்டு, மெக்டூகல், மெக்அலிஸ்டர் தலைவர்களைச் சோதித்தார்கள். எல்லாரும் ஒரே வழி, அந்த மட்டில் வம்சாவளி சரி. ஆனால் அந்த வழி ஆர்1ஏ என்ற வேறொரு பிரிவு, நார்வே பக்கத்துச் சாயல் உள்ளது. அயர்லாந்திலோ நேர்மாறு: நார்ஸ் மூலம் கொண்டவை என்று கருதப்பட்ட குடும்பப்பெயர்க்காரர்களைச் சோதித்தால் ஸ்காண்டிநேவிய வழி அபூர்வமாகத்தான் தென்பட்டது.

ஸ்காட்லாந்தின் மெக்கிரெகர் குலத்தார் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயினில் கால்கூன் குலத்தாரோடு நடந்த சண்டையில் நிறையப் பேர் செத்தார்கள். இரண்டே மாதத்தில் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸின் அரசு மெக்கிரெகர் என்ற பெயரையே தடைசெய்தது. மெக்கிரெகர் என்று சொல்லிக்கொண்டால் மரண தண்டனை. நடுவில் சில காலம் தளர்ந்து, மறுபடி இறுகி, 1774இல்தான் தடை முழுக்க நீங்கியது. அதுவரை அவர்கள் முர்ரே, கிராண்ட், டிரமண்ட், கேம்பெல் என்று கிடைத்த பெயரில் ஒளிந்து வாழ்ந்தார்கள். அந்தக் குலத்தில் பேர்பெற்ற ராப் ராய்கூடக் கேம்பெல் என்று கையெழுத்துப் போட்டவர்தான். தடை நீங்கியதும் எல்லாரும் பழைய பெயருக்குத் திரும்பிவிடவில்லை. அதனால் இன்று வேறு வேறு பெயரில் இருக்கும் சிலர் மெக்கிரெகர் தலைவர் வழியோடு எண்ணுக்கு எண் பொருந்துகிறார்கள். பெயர் மறைத்ததை எச்சில் பரிசோதனை காட்டிக்கொடுக்கிறது.

நேரமாகிவிட்டது. எழுதிக் கொடுத்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் மருமகள் ஐரிஷ்காரி, ஓ'டோஹெர்ட்டி. தன் பெயரின் மூலத்தை அவள் கண்டுபிடிக்க முடியுமா?"

மருமகள் தன் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் இதற்குப் பயனில்லை, ஒய் குரோமோசோம் கிடையாதே. அவருடைய அப்பா, அண்ணன், தம்பி, பெரியப்பா, சித்தப்பா மகன், இவர்களில் ஒருவர் ஒத்துக்கொள்ள வேண்டும். வயதில் மூத்தவர் கிடைத்தால் அவரிடம் முதலில் எடுப்பது நல்லது. 37 இடம் பார்த்துவிட்டு, பொருத்தம் நம்பிக்கை தந்தால் ஒய் குரோமோசோமின் முழு வாசிப்புக்குப் போகலாம். 2000த்தில் ஹூஸ்டனில் தொடங்கிய ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. என்ற பரிசோதனை நிறுவனத்தில் குடும்பப்பெயர் வாரியாகக் குழுக்கள் இருக்கின்றன. எதிர்பாராத முடிவும் வரலாம் என்று அந்தப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எச்சில் வாங்க வேண்டும். மருமகள் தானே சோதிக்க விரும்பினால் எல்லாக் குரோமோசோமும் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை உண்டு. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் ஐந்தாறு தலைமுறைக்குள் உள்ள உறவுகளை அது காட்டும், அதற்கு மேல் போகப் போகப் பிடி நழுவிவிடும்.