கழுத்தில் செயற்கை டிஸ்க் வைக்கலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாளாக விடவில்லை. "வயது 42. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கழுத்தில் சி5-சி6 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. ஒரு டாக்டர் ஃப்யூஷன் என்கிறார், இன்னொருவர் செயற்கை டிஸ்க் என்கிறார். எது நல்லது?" இவ்வளவுதான். கைக்கு என்ன செய்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

சரி, கேட்டதற்கு முதலில் பதில். டிஸ்க் என்பது இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது; சி5-சி6 என்றால் கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே. இரண்டிலும் பாதி வேலை ஒன்றுதான். கழுத்தின் முன்பக்கம் சின்னதாகக் கீறி, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் மெல்ல ஒதுக்கி, கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்துவிடுவோம். நரம்பின் மேல் இருக்கும் அழுத்தம் போவது அங்கேதான். காலியான இடத்தில் கேஜ் என்ற சின்னக் கூட்டையோ எலும்புத் துண்டையோ வைத்து இரண்டு எலும்பையும் ஒட்டவிட்டால் ஃப்யூஷன்; 1950களிலிருந்து செய்கிறார்கள். அசையும் மூட்டு ஒன்றை வைத்தால் செயற்கை டிஸ்க். அமெரிக்காவில் இதற்கு 2007இல் அனுமதி வந்தது. அடுத்தடுத்த இரண்டு இடங்களில் வைக்க 2013இல். கழுத்து அங்கே அசைந்துகொண்டே இருப்பதால் மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் மேல் பாரம் ஏறாது என்பது எண்ணம். எலும்பு பலமில்லாதவர்களுக்கும், பின்பக்கச் சிறு மூட்டுகள் தேய்ந்தவர்களுக்கும் நான் வைக்க மாட்டேன்.

இனி நான் எப்போதும் சொல்வது. தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும்: ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்னால் விரலைக் கேளுங்கள். சி5-சி6இல் நசுங்குவது ஆறாவது நரம்பு, கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும். சி6-சி7 என்றால் நடுவிரல். ஸ்கேனில் சி5-சி6 என்று இருந்து, மரத்துப்போவது சுண்டுவிரல் என்றால்? நரம்பு முழங்கையில் மாட்டியிருக்கலாம். அதற்குக் கழுத்தைக் கீறி என்ன பயன்?

மதுரை மாட்டுத்தாவணியில் பூ கட்டும் அம்மா ஒருவர் வந்தார். கழுத்து வலி என்று சொல்லவே இல்லை. "நார் விரல்ல நிக்கமாட்டேங்குது டாக்டர், முடிச்சு விழமாட்டேங்குது" என்றார். கையை வேகமாக மூடித் திறக்கச் சொன்னேன். 10 விநாடியில் 20 தடவையாவது வர வேண்டும். அவருக்கு 11 வந்தது. நசுங்கியிருந்தது தண்டுவடம். அதற்கான சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அவருக்குச் செய்தது ஃப்யூஷன்தான். புதுசா வந்ததை வைக்கவில்லையே என்று மகனுக்கு மனக்குறை. சித்திரையில் அந்த அம்மா ஒரு முழம் மல்லி கொண்டுவந்து மேசையில் வைத்தார். முடிச்சு ஒவ்வொன்றும் நெருக்கமாக, ஒரே அளவில் இருந்தது. நான் அதைத்தான் மகனிடம் காட்டினேன்.

தண்டுவடம் தப்பித்து, ஒரு நரம்பு மட்டும் நசுங்கியவர்களில் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் மருந்து, பயிற்சியிலேயே வலி இறங்கிவிடுகிறது. அதனால் கேள்வி கேட்டவர் இன்னொரு தடவை எழுதுங்கள். எந்த விரல்? எத்தனை வாரமாக? கையில் பலம் குறைகிறதா? சட்டை பட்டன் போட முடிகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா? கடைசி இரண்டில் ஏதாவது இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டு இருக்காமல் நாளைக்கே உங்கள் டாக்டரிடம் போய்விடுங்கள்.