உடம்பைக் கவனித்தால் பயம்தான் வருகிறது, என்ன செய்வது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு நான்கைந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை, படித்ததிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் இன்று அது ஒன்றுதான். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கேள்விகளை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கேட்டவர் ஒரு அம்மா. இதயத்தில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், டாக்டருக்கும் திருப்தி. ஆனால் எனக்கு இது என் உடம்பு மாதிரியே இல்லை. நீங்கள் எல்லாப் பேச்சிலும் உடம்பைக் கவனியுங்கள், கவனியுங்கள் என்கிறீர்கள். கண்ணை மூடினால் எனக்கு நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கேட்கிறது. கவனிக்கக் கவனிக்கப் பயம் கூடுகிறது. எனக்கு நம்பிக்கை போதவில்லையா? மனது சரியானால் உடம்பு தானாகச் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படியானால் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாமா?"

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் பேச ஒன்றுமில்லை. குறைக்கக் கூடாது. இதயத்துக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவதே தனி ஆபத்து. பீட்டா பிளாக்கர் என்கிற வகையை ஒரே நாளில் விட்டால், அது அடக்கி வைத்திருந்த படபடப்பும் ரத்த அழுத்தமும் முன்பைவிட வேகமாகத் திரும்பி வரலாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தியானம் நன்றாகப் போகிறது, அதனால் அளவைக் குறைக்கலாமா என்று தோன்றினால், அதை மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள். வேறு யாராவது ஒரு குரு "நிறுத்திவிடு" என்றால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சரி.

இப்போது பயத்துக்கு வருகிறேன். ரொம்ப நாளாகக் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். உடம்பை உணர்வது வேறு, உடம்பை வேவு பார்ப்பது வேறு. இதை நான் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. வேவு பார்க்கிறவர் ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போகிறார். வெறுங்கையோடு திரும்பி வரமாட்டார். நோய் வந்து போன உடம்பில் தேடினால் ஏதாவது ஒரு குத்தல், ஒரு இழுப்பு, ஒரு துடிப்பு எப்போதும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு வந்து "பார்த்தாயா, சொன்னேன் அல்லவா" என்று மனதிடம் நீட்டுவார். இது கவனமே இல்லை அம்மா. வெறும் விசாரணை.

என் நண்பர் ஒருவர், அவரும் இதயச் சிகிச்சை முடிந்தவர். மகன் ஆசையாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான், நாடித் துடிப்பை எல்லாம் எண்ணிக் காட்டுமே, அந்த மாதிரி. அன்றோடு மனிதருக்கு நிம்மதி போயிற்று. படியேறினால் பார்ப்பார், 96. என்னடா இது என்று நினைப்பார், உடனே 104. அதைப் பார்த்துப் பதறுவார், இன்னும் ஏறும். பேசிக்கொண்டே இருக்கும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு மணிக்கட்டைத் திருப்புவார். ஒருநாள் அவர் மனைவி அதைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு வீட்டு வேலை எல்லாம் செய்துவிட்டு வந்து காட்டினார். 110. "எனக்கும்தான் 110, நான் என்ன செத்தா போய்விட்டேன்?" என்றார். அதற்குப் பிறகு நண்பர் அதை டாக்டர் சொன்ன நேரத்தில், நடைப்பயிற்சியின்போது மட்டும் கட்டுகிறார். கருவி கெட்டது என்று நான் சொல்லவில்லை, சிலருக்கு அது உயிரைக் காப்பாற்றும். எந்நேரமும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பதைத்தான் சொல்கிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்புக்குள்ளிருந்து வருகிற சேதிகளை மூளையில் இன்சுலா என்கிற பகுதி பெருமளவுக்கு வாங்கிக்கொள்கிறது. ஆனால் மூளை வந்த சேதியை அப்படியே படித்துவிட்டு விடுவதில்லை, இதற்கு என்ன அர்த்தம் என்று பழைய அனுபவத்தை வைத்து ஊகித்துக்கொண்டே இருக்கும். மாடி ஏறிய பிறகு நெஞ்சு வேகமாக அடித்தால் நமக்குப் பயமில்லை, காரணம் தெரியும். அதே வேகம் ராத்திரி படுக்கையில் வந்தால் பயம். துடிப்பு அதே துடிப்புதான். இந்த அம்மாவின் மூளைக்கு நெஞ்சில் நிஜமாகவே ஆபத்து இருந்தது என்று தெரியும். அங்கே கத்தி பட்டிருக்கிறது. அது பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதில் நம்பிக்கைக் குறைவு எங்கே வந்தது?

அதனால் செய்ய வேண்டியது என்னவென்றால், நெஞ்சில் தொடங்காதீர்கள். ஜான் கபாட்-ஜின் என்கிற தியான ஆசிரியர் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், மருத்துவத்தால் இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று விடப்பட்ட நாள்பட்ட வலிக்காரர்களுக்காக சில வாரங்கள் நடக்கிற பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். அதில் உடம்பு முழுக்கக் கவனத்தை நகர்த்துகிற பயிற்சி இடது கால் விரலில் தொடங்கும். வலிக்கிற இடத்துக்கு நேராகப் போய் நிற்கச் சொல்லவில்லை, பாருங்கள். கால் விரலைப் பற்றி யாருக்கும் பயம் இருக்காது. நீங்களும் அங்கேயே இருங்கள் அம்மா. உள்ளங்கால் தரையில் படுகிறதா, அது சூடா, குளிர்ச்சியா, அவ்வளவுதான். கண்ணை மூட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, திறந்து வைத்துக்கொண்டே செய்யலாம். ஐந்து நிமிடம் போதும். நெஞ்சு கூப்பிட்டால் "கேட்கிறது" என்று சொல்லிவிட்டுக் காலுக்குத் திரும்பி வாருங்கள். நீண்ட சிகிச்சை முடித்த இன்னொரு பெண், நான் முழு உடம்பையும் உணரச் சொன்னபோது அழுதுவிட்டார். அவர் பல மாதம் காலைத் தாண்டவே இல்லை. தாண்டாமலே அவருக்குத் தூக்கம் வந்தது. எதற்குத் தாண்ட வேண்டும்?

மூச்சைப் பற்றியும் ஒன்று. உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகும், வெளியே விடும்போது சற்று மெதுவாகும். இதில் மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் என்ற நரம்புக்குப் பெரிய பங்கு உண்டு, எல்லோருக்கும் எந்நேரமும் நடக்கிற விஷயம். அதனால் வெளியே விடுவதைக் கொஞ்சம் நீட்டினால் போதும், இழுத்து அடக்குவது, கணக்குப் போட்டு நிறுத்துவது எல்லாம் இப்போது உங்களுக்கு வேண்டாம். 2001-இல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்பவரும் அவர் குழுவினரும் 23 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கிறிஸ்தவ ஜெபமாலையை லத்தீனில் சொல்ல வைத்தார்கள், "ஓம் மணி பத்மே ஹூம்" என்ற பௌத்த மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்று இறங்கிவிட்டது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்துக்கொள்கிற உடம்பின் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி, முன்பும் சொல்லியிருக்கிறேன். அவரவர் நாமத்தை அவரவர் நிதானமாகச் சொன்னால் மூச்சு தானே இறங்கும். எண்ண வேண்டியதே இல்லை.

அப்புறம், "இது என் உடம்பு மாதிரியே இல்லை" என்று எழுதியிருக்கிறார். உண்மைதான் அம்மா, அது பழைய உடம்பு இல்லை. 1966-இல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். ஆரோக்கியமான பிள்ளைகள், நோய் ஒன்றும் கிடையாது. எழுந்தபோது அவர்களின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இருந்த திறன் அப்படி விழுந்துபோயிருந்தது. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரை 50 வயதில் மறுபடி சோதித்தார்கள். அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம், 30 வருட முதுமை செய்த சேதத்தைவிட அதிகமாக இருந்தது! நல்ல சேதி என்னவென்றால், இரண்டு தடவையும் பயிற்சி கொடுத்தபோது திறன் திரும்பி வந்தது. அவர்களுக்கே அப்படி என்றால், நெஞ்சைத் திறந்து சிகிச்சை முடிந்து, வலியோடு படுத்திருந்த உங்களுக்கு உடம்பு அந்நியமாகத் தெரிவதில் என்ன வியப்பு? படியேறும்போது மூச்சு வாங்கினால் அது உங்கள் ஆன்மாவின் பலவீனம் இல்லை, தசை கரைந்திருக்கிறது. அதற்கு தியானம் பதில் இல்லை, டாக்டர் சொல்கிற அளவில் நடப்பதுதான் பதில்.

இப்போது "எனக்கு நம்பிக்கை போதவில்லையா" என்பதற்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன். அந்த அம்மா வேறு ஒன்றைக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை. குணமாவது தாமதமானால் அது என் குற்றமா, இதைக் கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும் உள்ளே அதுதான் இருக்கிறது. மனம் உடம்பைக் குணமாக்கும் என்று மேடையில் சொல்கிறவர்கள் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கேட்டவர் வீட்டில் படுத்துக்கொண்டு, அப்படியானால் குணமாகாததும் என் மனத்தால்தானே என்று கணக்குப் போடுகிறார்.

மனதுக்கும் உடம்புக்கும் தொடர்பு இல்லை என்று நான் சொல்வேனா? 1995-இல் ஓஹியோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளாசர் என்ற உளவியலாளரும் குழுவினரும், மறதி நோய் வந்த உறவினரைப் பராமரித்துவந்த பெண்கள் 13 பேருக்கும், அதே வயதுள்ள மற்ற 13 பேருக்கும் தோலில் சின்னதாக ஒரே அளவில் ஒரு காயம் செய்து பார்த்தார்கள். பராமரிப்பவர்களுக்கு அது ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. இதை எல்லோரும் "பார், மனதின் சக்தி" என்று எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. அந்தப் பெண்களுக்கு நம்பிக்கையா குறைவு? இரவும் பகலும் ஒருவரைச் சுமந்துகொண்டிருந்தார்கள், தூக்கம் இல்லை, கைமாற்ற ஆள் இல்லை. அவர்களிடம் போய் நல்லதையே நினையுங்கள் என்று சொல்வதைவிட, பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டால் காயம் ஆறும்.

பிரார்த்தனைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஹெர்பர்ட் பென்சன், ஹார்வர்டில் இதய மருத்துவர், தியானத்தில் உடம்பு எப்படித் தளர்கிறது என்று 1970-களிலேயே ஆராய்ந்தவர், பிரார்த்தனைக்கு விரோதி இல்லை. அவர் தலைமையில் 2006-இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பைபாஸ் செய்துகொண்ட 1802 பேர். ஒரு பிரிவுக்குப் பிரார்த்தனை உண்டு, இன்னொரு பிரிவுக்குக் கிடையாது, ஆனால் தாங்கள் எதில் இருக்கிறோம் என்று இருவருக்கும் தெரியாது. மூன்றாவது பிரிவிடம் மட்டும், உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டு பிரிவிலும் சிக்கல் வந்தவர்கள் 52, 51 சதவீதம், வித்தியாசமே இல்லை. மூன்றாவதில் 59. அது தற்செயலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். எனக்காகப் பிரார்த்திக்கிற அளவுக்கா என் நிலைமை இருக்கிறது என்று பயந்திருப்பார்களோ என்றும் சிலர் ஊகித்தார்கள். நான் இதை வைத்துப் பிரார்த்தனை வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே தினமும் செய்கிறவன். கடவுள் முன்னால் உட்காரும்போது ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள் என்கிறேன். அங்கேயும் போய் வேவு பார்க்காதீர்கள். குறைந்திருக்கிறதா, கேட்டுவிட்டாரா என்று. அமைதி உங்களுக்கு உடம்பு தேறிய பிறகு கிடைக்கிற பரிசு இல்லை. இருமிக்கொண்டே, வலித்துக்கொண்டே, பயந்துகொண்டேகூட அது கிடைக்கிறது. பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, இதைத் தவறாக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். வேவு பார்க்காதே என்றால் அறிகுறியை அலட்சியம் செய் என்று அர்த்தமில்லை. நெஞ்சில் புதிதாக அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவுகிற வலி, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு பக்கம் கை கால் தளர்வது, வாய் குழறுவது, தையல் போட்ட இடத்தில் சீழ், காய்ச்சல், இதெல்லாம் வந்தால் உள்ளங்காலைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

அம்மா, உங்கள் கடிதத்தில் ஒன்று இல்லை. இந்தப் பயத்தை டாக்டரிடம் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட்டைக் காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லுங்கள். இதய அறுவைக்குப் பிறகு பயமும் சோர்வும் நிறையப் பேருக்கு வருகிறது, அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது. கார்டியாக் ரிஹாபிலிடேஷன் என்று, மேற்பார்வையில் உடற்பயிற்சி செய்யவைத்து, இதயம் இந்த வேகத்தைத் தாங்கும் என்று உங்களுக்கே காட்டுகிற பயிற்சியும் இருக்கிறது. அதில் என்னைச் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.