முன்பணம் டிசம்பரில், ஹீட் பம்ப் ஜனவரியில்

நேயர்களுக்கு வணக்கம். வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமிருக்காது, எல்லாம் ரசீதுகள்தான். இந்த வருடக் குவியலில் ஒரே ஒரு ரசீது என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டது.

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் போட முடிவு செய்தார். இப்படி மாற்றுவோருக்கு அமெரிக்க அரசு தந்த வரிச் சலுகை, அதாவது டாக்ஸ் கிரெடிட், 2025 டிசம்பர் 31-உடன் முடிகிறது என்பதால் டிசம்பர் தொடக்கத்திலேயே முன்பணமும் கட்டிவிட்டார். வருடக் கடைசி நெருக்கடியில் கான்ட்ராக்டருக்குத் தலைக்கு மேல் வேலை. ஆட்கள் வந்து மாட்டி முடித்தபோது ஜனவரி இரண்டாவது வாரம். "பணம் டிசம்பர்லயே கட்டிட்டேனே, கிரெடிட் வரும்தானே அண்ணா?" என்று கேட்டார். வராது. செக் எழுதிய தேதியைச் சட்டம் பார்ப்பதில்லை. கருவி வீட்டில் மாட்டப்பட்டு ஓடத் தயாரான தேதியைத்தான் பார்க்கிறது. அவர் கைவிட்டுப் போனது 2,000 டாலர்.

இந்தச் சலுகை 2005-இல் தொடங்கியது. அப்போது சின்னத் தொகை. நடுநடுவே காலாவதியாகும், மறுபடி உயிர் பெறும். 2022 ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம்தான் அதைப் பெரிதாக்கியது. செலவில் 30 சதவீதம். ஹீட் பம்புக்கு வருடத்துக்கு 2,000 டாலர் வரை, சிக்கனமான ஏ.சி.க்கோ ஃபர்னஸுக்கோ 600 டாலர் வரை. 2032 கடைசி வரை இருக்கும் என்றார்கள். 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அதை அதே டிசம்பர் 31-உடன் முடித்துவிட்டது. வீட்டுக் கூரை சோலாருக்கும், பூமிக்கடி வெப்பத்தைப் பயன்படுத்தும் ஜியோதெர்மலுக்கும் இருந்த 30 சதவீதமும் கூடவே போயிற்று.

ஏன் ஹீட் பம்புக்கு அத்தனை கரிசனம்? உங்கள் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளேயிருந்து எடுத்த வெப்பத்தை அது வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்பும் அதே வேலைதான் செய்கிறது, குளிர்காலத்தில் திசை மட்டும் மாறும். வெளிக்காற்றில் மிச்சமிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவரும், கோடையில் அதுவே ஏ.சி. எதையும் எரிக்காமல் வெப்பத்தை இடம் மாற்றுவதால்தான் மின்சாரம் குறைவாகச் செலவாகிறது.

குறையே இல்லாத சலுகை என்று சொல்ல மாட்டேன். இது கட்ட வேண்டிய வரியில் நேராகக் கழிவது. வரியே இல்லாத ஓய்வூதியக்காரருக்கு ஒரு சதம்கூடக் கிடைக்காது, மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போகவும் முடியாது. வசதியுள்ளவருக்கே அதிகம் பயன்பட்டது என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து சலுகையைத் திருத்துவது, இப்படி ஏழு வருடம் முன்னதாக நிறுத்துவது அல்ல. நாடாளுமன்றக் காலண்டரைப் பார்த்துக்கொண்டா ஃபர்னஸ் பழுதாகிறது? ஜனவரிப் பனியில் நடுராத்திரியில்தான் அது நிற்கும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? 2025-இல் மாட்டி முடித்தவர்கள் படிவம் 5695-ஐ நிரப்பி 2025-க்கான வரிக் கணக்கோடு (கெடு 2026 ஏப்ரல் 15) கேளுங்கள். அந்த வருடக் கருவிகளுக்குத் தயாரிப்பாளரின் நான்கு எழுத்துக் குறியீடும் வேண்டும். ரசீதில் இல்லையென்றால் கான்ட்ராக்டரை விடாதீர்கள். 2023, 2024-இல் மாட்டிவிட்டுக் கேட்க மறந்தவர்களும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பொதுவாக, கணக்குத் தாக்கல் செய்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் திருத்திக் கேட்கலாம். அப்புறம், வரிக் கிரெடிட் போனாலும் மாநிலங்கள் வழியாக வரும் ரிபேட் (தள்ளுபடி) திட்டம் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு ஹீட் பம்புக்கு 8,000 டாலர் வரை. எல்லா மாநிலமும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அதனால் வேலையைத் தொடங்கும் முன் உங்கள் மாநில எரிசக்தி அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள்; மாட்டிய பிறகு கேட்டால் பல இடங்களில் தர மாட்டார்கள்.

என் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஊருக்கெல்லாம் கெடு சொல்லிக்கொண்டிருந்த நானே கோட்டை விட்டேன். பேஸ்மென்ட்டில் இருபது வயதைத் தாண்டிய கேஸ் ஃபர்னஸ்தான் இன்னமும் உறுமுகிறது. நேற்று ராத்திரி அதில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நன்றி, வணக்கம்.