அழைத்த குரலும் வந்த விலங்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேட்டை என்றால் விலங்கின் தடத்தைப் பார்த்து, காற்றின் திசையை அறிந்து, அதன் பின்னால் மெல்ல நடந்து போவதுதான் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அதற்கு நேர் எதிரான ஒரு முறையும் உண்டு. வேட்டைக்காரர் ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்துகொண்டு ஓசை எழுப்புவார். அந்த ஓசையைக் கேட்ட ஊனுண்ணி விலங்கு தானே அவரைத் தேடி வரும். இந்த முறையில் விலங்கை மிக அருகில், எதிர்பாராத கணத்தில் சந்திக்க நேர்வதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பெரும்பாலோர் இத்தகைய சந்திப்பைத் தற்செயல் என்றே சொல்வார்கள். என் எண்ணம் வேறு: அழைப்பவர் எந்த விலங்கின் குரலை இரவல் வாங்குகிறார் என்பதிலேயே, வருவது எப்படி வரும், எவ்வளவு அருகில் வந்த பிறகு தன்னைக் காட்டும் என்பதில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

அமெரிக்காவில் இது பரவலான பொழுதுபோக்கு. 1950களில் டெக்சாஸ் மாநிலத்தின் மார்பிள் ஃபால்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த பர்ன்ஹாம் சகோதரர்கள், அடிபட்ட முயலின் அலறலைப் போல ஒலிக்கும் ஊதுகருவிகளைச் செய்து விற்று இதற்குப் பெரும் பரவலைத் தேடித் தந்தார்கள். அதே மாநிலத்தின் வேக்கோ நகரைச் சேர்ந்த ஜானி ஸ்டூவர்ட், உண்மையான விலங்குகளின் அலறல்களைப் பதிவு செய்து இசைத்தட்டுகளாகவே வெளியிட்டார். இன்றைக்கு அந்த வேலையை மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கிகள் செய்கின்றன. அவர்கள் அழைக்க விரும்புவது பெரும்பாலும் கொயோட்டி எனப்படும் ஓநாய் இனத்துச் சிறு விலங்கையும், நரியையும், பாப்கேட் என்ற காட்டுப்பூனையையும்தான். ஆனால் முயலின் அலறல் இன்னாருக்கு மட்டும் என்று முகவரி எழுதி அனுப்பிய ஓலை அன்று. கேட்கும் தொலைவில் முயல் தின்னும் எந்த விலங்கு இருந்தாலும் அது தனக்கான அழைப்பென்றே எடுத்துக்கொள்ளும். கொயோட்டிக்காகக் காத்திருந்தவர் முன் மலைச் சிங்கம் எனப்படும் பூமா வந்து நின்றதும் உண்டு. மாலை மங்கும் வேளையில் பெரிய கொம்பு ஆந்தை சிறகோசையே இல்லாமல் இறங்கி, அசைந்த தொப்பியை முயலென்று எண்ணிக் கால் நகங்களால் அறைந்துவிட்டுப் போவதும் அங்கே வேட்டைக்காரர்கள் அடிக்கடி சொல்லும் அனுபவம். ஆந்தையைக் குறை சொல்வதற்கில்லை. அலறல் அங்கிருந்துதான் வந்தது. அசைவும் அங்கேதான் இருந்தது.

பூனை இனத்து விலங்குகளும் நாய் இனத்து விலங்குகளும் இந்த அழைப்புக்கு ஒரே விதமாக வருவதில்லை. கொயோட்டி பெரும்பாலும் விரைந்து வரும். ஆனால் நேராக வராமல், ஓசை எழுந்த இடத்தைச் சுற்றி வளைத்து, காற்று அங்கிருந்து தன் மூக்குக்கு வந்து சேரும் பக்கத்தைப் பிடிக்கப் பார்க்கும். மனித வாடை ஒரு துளி கிடைத்தாலும் அதன் பிறகு அதைப் பார்க்க முடியாது. பூனை இனமோ மூக்கைவிடக் காதையும் கண்ணையுமே அதிகம் நம்புகிறது. தனித்தனியே திரும்பக்கூடிய காதுகளால் ஓசை பிறந்த புதரையே துல்லியமாகக் குறித்துக்கொண்டு, ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்கு நகர்ந்து, இடையிடையே நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்து, ஓசையே இல்லாமல் வந்து சேரும். ஆகவேதான் கொயோட்டிக்காகக் கால் மணி நேரம் காத்திருப்பவர்கள், பூனைக்காக அதைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம் காத்திருக்கிறார்கள். ஒன்றும் வரவில்லை என்று முடிவு செய்து எழுந்து திரும்பும்போது முதுகுப் பக்கத்தில் சில அடி தொலைவில் ஒரு முகம் தெரிவது, இந்த நடையை அறிந்தவருக்கு வியப்பான செய்தியாக இருக்க முடியாது.

வடமேற்கு மாநிலங்களான மொன்டானாவிலும் வயோமிங்கிலும் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடுபவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்கள் ஊனுண்ணியை அழைப்பதே இல்லை. பெண் எல்க்கின் குரலை எழுப்பி ஆண் எல்க்கை வரவழைக்கப் பார்க்கிறார்கள். அந்தக் காடுகளில் கிரிஸ்லி கரடிகள் வாழ்கின்றன, அவற்றுக்கும் எல்க் உணவு. கரடிகள் உள்ள காட்டில் நடப்பவர்களுக்கு அங்கே தரப்படும் முதல் அறிவுரை, பேசிக்கொண்டும் ஓசை எழுப்பிக்கொண்டும் நட, மனிதன் வருகிறான் என்று கரடிக்குத் தெரியட்டும் என்பது. எல்க் வேட்டைக்காரர் செய்வது அத்தனையும் இதற்கு மாறானது: காட்டின் நிறத்திலேயே உடை உடுத்துகிறார், காற்று தன் வாடையை மான் இருக்கும் பக்கம் கொண்டுபோகாதபடி உட்காருகிறார், விடியலிலும் அந்தியிலும் நடமாடுகிறார், எழுப்பும் ஒரே ஓசையும் இரையின் ஓசையாக இருக்கிறது. கரடியைத் திடுக்கிட வைப்பதற்கு ஒருவர் திட்டமிட்டாலும் இதைவிடத் திறமையாகத் திட்டமிட முடியாது. கரடியை விரட்டும் மிளகாய்க் காரத் தெளிப்பானைப் பைக்குள் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் இடுப்பிலேயே மாட்டிக்கொள்ளுங்கள் என்று வனவிலங்குத் துறையினர் அவர்களிடம் வற்புறுத்துவது இதனால்தான்.

வான்கோழி வேட்டையில் இன்னொரு வகை ஆபத்து இருக்கிறது. பெட்டை வான்கோழியின் குரலுக்குக் கொயோட்டியும் பாப்கேட்டும் பதுங்கி வருவது ஒருபுறமிருக்க, அதே குரலைக் கேட்டுத் துப்பாக்கியோடு பதுங்கி வரும் இன்னொரு மனிதனும் உண்டு. ஆண் வான்கோழியின் தலையில் காணப்படும் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் எதையும் உடுத்தாதீர்கள், தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள் என்று அங்கே வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் கற்பிப்பது முதலில் இந்த மனிதனை நினைத்துத்தான்.

இதுவரை சொன்னவை அனைத்தும் இரையின் குரலை எழுப்புவது பற்றியவை. இரையின் குரலுக்கு வரும் விலங்கு பதில் சொல்வதில்லை; அழைப்பவர் தன் இருப்பிடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க, வருவது தன்னைப் பற்றி எதையுமே சொல்லாமல் வருகிறது. அந்த ஊனுண்ணியின் துணையினுடைய குரலையே எழுப்பினால் கதை மாறுகிறது. இதற்கு நான் அறிந்தவரை மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, 1938ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி மாலை, வட இந்தியாவின் குமாவூன் மலைப் பகுதியில் நேபாள எல்லையை ஒட்டிய தாக் என்ற ஊருக்கு அருகே நடந்தது.

தாக் சிறிய மலைக் கிராமம். பூர்ணகிரிக் கோயில்களின் பரம்பரைக் காவலர்களுக்குச் சந்த் வம்சத்து அரசர்கள் அளித்த நிலம் அது. அந்த ஆண்டு அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெண் புலி மனிதர்களைக் கொல்லத் தொடங்கியிருந்தது. தாக் மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊரையே காலி செய்திருந்தார்கள். புலியைத் தேடி வந்த ஜிம் கார்பெட்டுக்கு அப்போது 63 வயது. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கில் எழுதப்பட்ட சம்பாவத் புலியை 1907இல் சுட்டதிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்கொல்லிகளின் பின்னால் நடந்தவர், இதுவே தமது கடைசி வேட்டை என்று முடிவு செய்து, நவம்பர் 30ஐயே அதன் எல்லையாகவும் வைத்துக்கொண்டிருந்தார். மரத்தின் மேல் அமர்ந்து காத்திருந்தும், ஆடுகளைக் கட்டி வைத்தும் பயன் கிட்டவில்லை. கடைசி நாள் மாலை, நான்கு ஆட்களையும் ஆடுகளையும் அழைத்துக்கொண்டு கீழே சூக்காவிலிருந்த முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, மலையின் மேற்புறத்திலிருந்து புலியின் குரல் கேட்டது. இனச்சேர்க்கைக் காலம் அது. பெண் புலி துணையைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கார்பெட் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஆண் புலியின் குரலில் பதில் கொடுத்தார். உடனே மறுமொழி வந்தது. அவர் மீண்டும் அழைத்தார். அது மீண்டும் பதில் சொன்னது, சற்று அருகிலிருந்து. அவருடைய துணிச்சலைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த முதல் பதில் குரலைக் கொடுத்த பிறகு அவரால் பின்வாங்க முடியாது என்ற நிலைதான். அழைத்ததைத் திரும்பப் பெற வழியில்லை. வெளிச்சம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. இருட்டிய பிறகு புலி வந்து சேர்ந்தால், ஆயுதம் இல்லாத நான்கு பேருடன் காட்டு வழியில், துணையைத் தேடி வந்து ஏமாந்த ஓர் ஆட்கொல்லியை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே அது விரைந்து வந்தாக வேண்டும். அதற்கு முன்பே தோதான இடமும் அமைந்தாக வேண்டும்.

பாதையோரத்தில் ஏறக்குறைய நான்கடி உயரமுள்ள ஒரு பாறை கிடைத்தது. ஆட்களையும் ஆடுகளையும் அதன் பின்னால் ஒடுங்கி இருக்கச் செய்துவிட்டு, பாறையின் பின்புறத்துக் குறுகிய விளிம்பில் தொற்றிக்கொண்டு, இரட்டைக் குழல் துப்பாக்கியை முன்னால் நீட்டியபடி அவர் காத்திருந்தார். புலி கூப்பிட்டுக்கொண்டே வந்தது. ஒவ்வொரு குரலும் அது எவ்வளவு தொலைவில், எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. முயல் அலறலை ஊதிவிட்டு உட்கார்ந்திருக்கும் டெக்சாஸ்காரருக்கு இந்த வாய்ப்பு ஒருபோதும் கிடைப்பதில்லை. இறுதியில் பாறைக்கு எதிரே தலை தெரிந்ததும் சுட்டார். முதல் குண்டு வலக் கண்ணுக்குக் கீழே பாய்ந்தது. அந்த உதைப்பில் பிடி நழுவி அவர் விளிம்பிலிருந்து பின்னால் சாய, அந்தரத்தில் இருக்கும்போதே இரண்டாவது குழலும் வெடித்துப் புலியின் தொண்டையில் பட்டது. துப்பாக்கி மேலெழும்பி அவர் தாடையில் அடிக்க, அவர் குட்டிக்கரணமடித்து ஆட்களின் மேலும் ஆடுகளின் மேலும் போய் விழுந்தார். கீழே ஒடுங்கிக் கிடந்தவர்கள் அந்தக் கணத்தில் தங்கள் மேல் விழுந்தது எது என்று நினைத்திருப்பார்கள் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். புலியோ பாறையில் மூக்கு உரசியபடி உயிரற்றுக் கிடந்தது.

பிறகு தோலை உரித்துப் பார்த்தபோது அதன் உடலில் இரண்டு பழைய துப்பாக்கிக் காயங்கள் தெரிந்தன. அவற்றுள் ஒன்று தோளில் சீழ்ப்பிடித்திருந்தது. எப்போதோ யாரோ அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போனதன் விளைவாகவே அது மனிதரைக் கொல்லத் தொடங்கியது என்று கார்பெட் கருதினார்.

நம் பக்கத்திலும் இதே முறை கையாளப்பட்டிருக்கிறது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரிக் காட்டில், தன் ஆண் துணை சுடப்பட்ட பிறகு அதைத் தேடிக் கூப்பிட்டுத் திரிந்து, பின்னர் ஆட்கொல்லியாக மாறிய பெண் புலியை, பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் ஆண் புலியின் குரல் கொடுத்தே தன் முன்னால் வரவழைத்தார். அதற்கும் முன்னே, பழக்கிய மானைக் கட்டி வைத்து அதைக் காட்டிக் காட்டு மானை ஈர்க்கும் வழக்கம் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. ஆனால் அந்த வேடன் தானே மானாகிவிடவில்லை. ஈர்க்கும் மான் ஓரிடத்தில், வேடன் வேறோர் இடத்தில். குரல் கொடுத்து அழைப்பவருக்கு அந்த இடைவெளி இல்லை. மின்கல ஒலிபெருக்கியைத் தன்னிடமிருந்து சில பத்து அடி தள்ளி வைத்துவிட்டு உட்காரும் இன்றைய அமெரிக்க வேட்டைக்காரர், தெரிந்தோ தெரியாமலோ, நம் பழைய வேடனின் முறைக்கே திரும்பியிருக்கிறார்.

வேட்டை இல்லாமலும் இந்த அழைப்பு நடக்கிறது. கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் 1963ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு மாத இரவுகளில் பார்வையாளர்கள் சாலையோரம் கூடி நிற்க, பூங்கா ஊழியர்கள் ஓநாயைப் போல ஊளையிடுகிறார்கள். ஓநாய்கள் தங்கள் இடத்திலிருந்தே பதில் ஊளையிடுகின்றன. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் கேரன் மெக்கோம்ப் முதலான ஆய்வாளர்கள் அந்நியப் பெண் சிங்கங்களின் முழக்கத்தை ஒலிபெருக்கியில் கேட்கச் செய்து 1994இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே குரல் ஒலித்தபோது அங்கிருந்த சிங்கங்கள் எளிதில் கிளம்பி வந்தன. மூன்று குரல்கள் சேர்ந்து ஒலித்தபோது தங்கள் எண்ணிக்கையைப் பொறுத்துத் தயங்கின. அழைப்பவர் யார் என்பதோடு எத்தனை பேர் என்பதையும் அவை கணக்கில் எடுத்துக்கொள்கின்றன என்றால், காட்டில் தனியாக உட்கார்ந்து ஒற்றைக் குரல் கொடுப்பவர், அஞ்ச வேண்டாம் வா என்றும் சேர்த்தே சொல்கிறார் என்று கொள்ள வேண்டும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்காகப் புலியை அழைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கார்பெட் அதற்கு நெடுங்காலம் முன்பே துப்பாக்கியைவிடக் கேமராவை விரும்பத் தொடங்கியிருந்தார். ஆனால் அக்காலத்துத் திரைப்படக் கேமரா ஓடும்போது எழும் சத்தம் புலியை விரட்டிவிடும். அதனால் அவர் ஒரு காட்டு ஓடையில் சிறு சிறு அணைகள் கட்டி, நீர் விழும் ஓசையில் கேமராவின் ஓசையை மூழ்கடித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் புலிகள் வரக் காத்திருந்து, மிகக் கிட்டத்தில் வைத்து அவற்றைப் படம் எடுத்தார்.

வணக்கம்.