வெடிக்கட்டும் வெள்ளைப் படமும்

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், நெம்மாறா வேலாவில் வெடிக்கட்டை (வாணவேடிக்கையை) எடுத்தேன். எல்லாம் வெள்ளையாக அப்பிக்கொண்டது. என்ன செட்டிங் வைக்க வேண்டும்?" படத்தையும் அனுப்பியிருக்கிறார். இரண்டு நாளாக அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: மலையாள மாதம் மீனம் 20, அதாவது ஏப்ரல் 2 அல்லது 3, நெல்லிக்குளங்கரை பகவதிக்கு நெம்மாறா, வல்லங்கி இரண்டு ஊர்த் தேசத்தாரும் போட்டி போட்டு நடத்துகிற திருவிழா. அறுவடை முடிந்த வயல், ஆனைப்பந்தல், பஞ்சவாத்தியம், வெடிக்கட்டு. நம் ஆட்கள் வாயில் அது 'வேலை'. முதல் வருடம் பொள்ளாச்சி அத்தையிடம் "நெம்மாறா வேலைக்குப் போகிறேன்" என்றேன். "சம்பளம் எவ்வளவு?" என்றார்.

சரி, செட்டிங். கேமராவை ஆட்டோவில் விட்டிருக்கிறீர்கள். அது இருட்டை அளந்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 11, ஃபோகஸ் கையால், ஷட்டர் பல்பில், அதாவது அமுக்கியிருக்கும் வரை திறந்திருக்கும்படி, இரண்டு மூன்று விநாடி. வெடியின் வெளிச்சம் அப்பெர்ச்சரில் அடங்கும். ஷட்டர் நேரம், படத்தில் விழும் ஒளிக்கோட்டின் நீளத்துக்குத்தான். கடைசியில் கூட்டமாக வெடிக்கும்போது துளையைச் சுருக்கி எஃப் 22க்குப் போங்கள், ஒரு விநாடிக்குள் மூடிவிடுங்கள். சத்தம் கேட்டு அமுக்காதீர்கள். ஒலி விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால் ஒன்றரை விநாடி தாமதம். மேலே ஏறுகிற வெடியின் ஒளிவாலைப் பார்த்து அமுக்குங்கள்.

இவ்வளவுதான் செட்டிங். ஆனால் தம்பி கேட்டிருக்க வேண்டியது, 'எங்கே நிற்பது?' பழைய ஆட்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும். முதலில் காற்றைப் பார், அப்புறம் பையைத் திற.

நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற வாசல். காற்றுக்கு இங்கே பஞ்சமில்லை. அந்த முதல் வருடம் நான் மதியமே போய், வயலில் நல்ல மேடாகப் பார்த்து ஸ்டாண்டை ஊன்றினேன். பக்கத்தில் யாருமே வரவில்லை. நமக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மொத்தப் புகையும் என் மேல். கண் எரிகிறது, லென்ஸில் சாம்பல். டீக்கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டு, "புகை குடிக்க வந்தீங்களா, டீ குடிக்க வந்தீங்களா?" என்றார். அப்போதுதான் அவர் கடையைக் கவனித்தேன். அடுப்புக்கு ஒரு பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டி, நான்கு செங்கல்லைத் தூக்கி வைத்திருந்தார். மதியமே அதைப் பார்த்திருந்தால் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். இன்றைக்கும் எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் முதலில் டீக்கடை அடுப்பைத்தான் பார்க்கிறேன். டீயும் குடித்துவிடலாம்.

பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கும் இதையேதான் சொன்னேன். யானை தேரைப் பின்னால் முட்டித் தள்ளுகிறது, எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். காற்று தேருக்கு எதிரே வந்தால் தேர்ச்சீலை ஒதுங்கி சாமி தெரியும். பின்னாலிருந்து வந்தால் சீலை முன்னால் விழுந்து மூடிவிடும். அதைப் பார்த்து எந்த முக்கில் நிற்பது என்று முடிவு செய்யுங்கள்.

ஒன்று மட்டும். காற்றைத் தேடிக் கயிறு கட்டிய இடத்துக்கு உள்ளே போகாதீர்கள். 2016இல் கொல்லம் மாவட்டத்துப் புற்றிங்கல் கோயில் வெடிக்கட்டு விபத்தில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். போலீஸ்காரர் தள்ளி நில் என்றால் தள்ளி நின்று, பெரிய லென்ஸ் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் சின்னதாக எடுங்கள்.

இப்போது அந்த வெள்ளைப் படம். மேலே முக்கால்வாசி ஒன்றுமில்லை, வாஸ்தவம். கீழே இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் தம்பி. அப்பாவின் தோளில் ஒரு பொடியன். இரண்டு கையாலும் பொத்தியிருக்கிறான், தன் காதை அல்ல, அப்பாவின் காதை. வெடி வெளிச்சம் நேராக அவன் முகத்தில். ஆட்டோ செட்டிங் அவனுக்குச் சரியாக அமைந்துவிட்டது. அழித்துவிடாதீர்கள், ஒரிஜினல் ஃபைலை எனக்கு அனுப்புங்கள்.