தொப்புளில் வலி, கோளாறு வேறு இடத்தில்: குடலும் கணையமும்

[திரையில்: ஏற்காடு மலைப்பாதை, விடிகாலை இருட்டு, வளைவில் திரும்பும் ஜீப்பின் விளக்கு]

என் தம்பி பத்தாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்றான். எங்கேடா என்று கேட்டால் தொப்புளைச் சுற்றி உள்ளங்கையால் வட்டம் போட்டான். அப்போது எங்கள் வீடு ஏற்காட்டில். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்து, தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிவிட்டார். விடிகாலையில் வலி தொப்புளை விட்டு வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது, இந்த முறை உள்ளங்கை இல்லை, ஒரே விரலால் தொட்டுக் காட்டினான். வலி இறங்கிவிட்டது, இனிச் சரியாகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் அது குடல்வால் அழற்சி, அப்பெண்டிசைட்டிஸ். குடல்வால் இருப்பது வலது பக்கம், அப்படியென்றால் முதலில் ஏன் தொப்புளில் வலித்தது? இதற்குப் பதில் வேண்டுமென்றால் குடல், கணையம், அவற்றுக்குப் போகும் ரத்தக்குழாய், நரம்பு எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும்.

[திரையில்: கறிக்கடையில் ஆட்டுக்குடலைத் தூக்கிப் பிடிக்கும் கை]

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை குடல் வாங்கக் கறிக்கடையில் நின்றிருக்கிறீர்களா? கடைக்காரர் குடலைத் தூக்கும்போது அதோடு சேர்ந்து ஒரு சவ்வு விசிறி போல விரிந்து வரும். எண்ணெய்த்தாள் மாதிரி மெல்லிசு, நடுநடுவே வெள்ளைக் கொழுப்பு, கொழுப்புக்குள் சிவப்பும் கருநீலமுமாக நூல் நூலாகக் குழாய்கள். கத்தியை ஒரு இழுப்பு இழுத்து அவர் அதைத் தனியாகப் பிரித்துப் போட்டுவிடுவார். ஆட்டுக்குடல் வேறு, நம் குடல் வேறு, ஆனால் இந்தச் சவ்வு நமக்கும் உண்டு, பெயர் மெசென்டரி. நம் சிறுகுடல் சுமார் 6 மீட்டர், ஒரு புடவையை விடக் கொஞ்சம் நீளம். இந்தச் சவ்வு முதுகுப்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் இடமோ வெறும் 15 சென்டிமீட்டர்தான். பாவாடையின் இடுப்பை நாடா போட்டு இறுக்கியதும் கீழ்க்கரை அப்படியே சுருக்கம் சுருக்கமாக விரிகிறதே, அதே அமைப்பு. இடுப்புப் பக்கம் நுழையும் ரத்தக்குழாயும் நரம்பும் துணிக்குள்ளேயே பிரிந்து பிரிந்து கரை வரை போகின்றன. அதனால்தான் இந்தப் பாவாடை முறுக்கிக்கொண்டால் ஆபத்து: குழாய்கள் நெரிந்து சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும்.

சிறுகுடலின் முதல் 25 சென்டிமீட்டர், அதாவது டியோடினம், பெரும்பாலும் இப்படித் தொங்குவதில்லை, முதுகுச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டு விரல் அகலம், பெயருக்கு அர்த்தமும் அதுதான். வடிவம் அரிவாள் வளைவு. அந்த வளைவுக்குள் தலையை வைத்துப் படுத்திருப்பது கணையம்.

கணையத்தைப் பற்றி நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வயிற்றில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே, 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் மறைந்திருக்கிறது. தலை டியோடினத்தில், வால் மண்ணீரலில், அதாவது கறிக்கடையில் நாம் சுவரொட்டி என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் போய்த் தொடும். முன்னால் அடி, பின்னால் எலும்பு என்று நடுவில் மாட்டிக்கொள்ளும் இடம் என்பதால், குழந்தைகள் சைக்கிளில் விழுந்து ஹேண்டில்பார் மேல்வயிற்றில் குத்தினால் கணையம் நசுங்க வாய்ப்பு உண்டு. வெளியே ஒரு சின்னக் காயம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கணையநீரைக் கொண்டுவரும் குழாயும் பித்தக்குழாயும் பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாயில் வழியாக டியோடினத்தில் திறக்கின்றன. பித்தப்பைக் கல் ஒன்று நழுவி வந்து அந்த வாயிலில் சிக்கினால் கணையமும் வீங்குவது இதனால்தான். கணையத்தின் தலையில் கட்டி வந்தால், வலியே இல்லாமல் மஞ்சள் காமாலை வருவதும் இதே நெருக்கத்தால்தான்.

[திரையில்: பெருந்தமனி, முன்பக்கம் மூன்று கிளைகள்]

சரி, ரத்தம். அயோர்ட்டா என்ற பெருந்தமனி முதுகெலும்பின் முன்னால் இறங்கும்போது முன்பக்கமாக மூன்று கிளைகள் விடுகிறது. முதல் கிளை சீலியாக். இதிலிருந்து மண்ணீரலுக்குப் போகும் தமனி கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டி நெளிந்து நெளிந்து போகும், ஏற்காட்டு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை அப்படியே மேலிருந்து பார்க்கிற மாதிரி. கணையத்தின் உடலுக்கும் வாலுக்கும் அதுதான் ரத்தம் கொடுக்கிறது. தலைக்கு மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது: மேலே சீலியாக்கின் கிளை, கீழே இரண்டாவது தமனியான மேல் மெசென்டெரிக்கின் கிளை, இரண்டும் வளையமாகக் கைகோத்து டியோடினத்துக்கும் கணையத் தலைக்கும் சேர்த்தே ரத்தம் தருகின்றன. கணையத் தலையில் புற்றுநோய் என்றால் அறுவையில் டியோடினத்தையும் ஏன் எடுக்கிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். தலையை எடுத்தால் டியோடினத்துக்கு ரத்தம் நின்றுபோகும், அவ்வளவுதான்.

டியோடினத்தின் நடுவிலிருந்து பெருங்குடலின் குறுக்குப் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு வரை மேல் மெசென்டெரிக் தமனியின் பாசனம். குடல்வாலும் இதற்குள்தான். மிச்சம் கீழ் மெசென்டெரிக் தமனிக்கு. இரண்டு பாசனமும் சந்திக்கும் இடம் மண்ணீரலுக்குக் கீழே உள்ள வளைவு. மேட்டூரில் தண்ணீர் குறைவாகத் திறந்தால் முதலில் காய்வது கடைமடைதானே, அதுபோல ரத்த அழுத்தம் மிகவும் விழுந்துவிட்டால் பெருங்குடலில் முதலில் பாதிக்கப்படும் இடங்களில் இந்த வளைவு ஒன்று.

திரும்பி வரும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போகாது. சிறுகுடலின் சிரையும் மண்ணீரலின் சிரையும் கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் சேர்ந்து போர்ட்டல் சிரையாகி, முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. குடல் புற்றுநோய் பரவும்போது கல்லீரலில் முதலில் தென்படுவது இந்த வழியால்தான்.

[திரையில்: முதுகுத்தண்டு, பத்தாவது மார்பு நரம்பு ஒளிர்கிறது]

இப்போது நரம்பு. குடலை அசைக்கவும் சுரக்கவும் தூண்டுவது மூளையிலிருந்து வரும் வேகஸ், அதுவும் குறுக்குப் பெருங்குடலின் மூன்றில் இரண்டு பங்கு வரைதான். அதற்கு அப்புறம் இடுப்பு நரம்புகள் பொறுப்பு. எதிர்ப்பக்கம் வேகத்தைக் குறைப்பது முதுகுத்தண்டிலிருந்து வரும் சிம்பதெட்டிக் நரம்புகள். இது போக, குடல் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது; இப்போதுதான் வெட்டிய ஆட்டின் குடல் பாத்திரத்தில் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள், மூளையின் உத்தரவு இல்லாமலே குடல் அசையும்.

குடலைக் கத்தியால் வெட்டினால் வலி தெரியாது, இழுத்தாலோ காற்று நிரம்பி விரிந்தாலோதான் வலிக்கும். அந்தச் செய்தி சிம்பதெட்டிக் நரம்போடு சேர்ந்து முதுகுத்தண்டுக்குப் போகிறது. குடல்வாலிலிருந்து போகும் செய்தி பத்தாவது மார்பு நரம்பின் மட்டத்தில் நுழைகிறது, தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் செய்தியும் அதே வாசலில்தான் நுழைகிறது. மூளை தோலின் விலாசத்தைத்தான் நன்றாக அறியும், அதனால் தொப்புள் வலிக்கிறது என்கிறது. கணையத்தின் வலி இதற்கு மேலே உள்ள நரம்புகள் வழியே போவதால் மேல்வயிற்றில் தெரிந்து முதுகுக்குப் பாயும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும்.

குடல்வாலின் வீக்கம் வயிற்றுச் சுவரின் உள்பக்கச் சவ்வைத் தொட்டதும் கதை மாறுகிறது. அந்தச் சவ்வுக்குத் தோலுக்கு இருப்பது போன்ற நரம்பு, அதற்கு இடம் சரியாகத் தெரியும். தம்பி ஒரு விரலால் காட்டியது அதைத்தான். வலி இறங்கவில்லை, நோய் முற்றியிருந்தது. ஜீப்பில் அடிவாரம் வருகிற வரைக்கும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினான். வண்டி குலுங்கினால் வலிப்பது அந்தச் சவ்வு புண்பட்டதற்கான அடையாளம் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சேலத்தில் அன்று மத்தியானமே அறுவை நடந்தது. எடுத்த குடல்வாலை ஒரு பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள், சுண்டுவிரல் நீளம்தான். அதற்கு ரத்தம் தருவது மேல் மெசென்டெரிக் தமனியின் வழிவந்த ஒரே ஒரு மெல்லிய கிளை, வீக்கத்தில் அது அடைபட்டால் பக்கத்திலிருந்து உதவிக்கு வேறு குழாய் வராது. நுனி ஏற்கெனவே கருத்திருந்தது.