அனுபவம் குறைவாக இருந்தால் வாழ்க்கையே நின்றுவிடுமா? ஒரு தங்கையின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒரு வருடம் நான்கு மாதம் வேலை பார்த்திருக்கிறார், அப்புறம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்திருக்கிறார். இப்போது போகிற இடமெல்லாம் மூன்று வருட அனுபவம் கேட்கிறார்களாம். "இனிமேல் எனக்கு இப்படித்தானா அண்ணா?" என்று முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரி என்னை ரொம்பவே பாதித்தது.

இல்லைம்மா, இப்படியே இருக்காது. ஆனால் பாதிப்பே இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தவும் மாட்டேன். நிறைய கம்பெனிகளில் விண்ணப்பத்தை முதலில் ஆள் பார்ப்பதில்லை, சாஃப்ட்வேரில் 3 வருடம் என்று போட்டு வடிகட்டிவிடுகிறார்கள், அதற்குக் கீழே உள்ளவர்களின் ரெஸ்யூமை யாருமே திறப்பதில்லை. அதைத் தாண்டி உள்ளே போனாலும் சம்பளம் பேசும்போது கொஞ்சம் இறங்கித்தான் வர வேண்டியிருக்கும். நேர்காணல் எடுக்கிற பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன், அங்கே இருப்பது பயம்தான். இவருக்கு யார் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது, தப்பு நடந்தால் மேலே யார் பதில் சொல்வது என்கிற பயம். அந்தப் பயத்துக்குச் சுலபமாகக் கிடைத்த அளவுகோல்தான் இந்த வருடக் கணக்கு.

அது அப்படி ஒன்றும் நல்ல அளவுகோலும் இல்லை. 1998ல் ஷ்மிட், ஹன்ட்டர் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், ஆள் எடுப்பதைப் பற்றி 85 வருடங்களாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எத்தனை வருட அனுபவம் என்பதற்கும் அந்த ஆள் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பதற்கும் இருந்த தொடர்பு 0.18தான், முழுக்கப் பொருந்தினால் அது 1 ஆக இருக்கும். அந்த வேலையிலேயே கொஞ்சத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்த்தால் 0.54. பின்னால் வந்தவர்கள் இந்த எண்களைத் திருத்திக் குறைத்தார்கள், அப்போதும் வருடக் கணக்கு கீழேதான் இருந்தது, செய்து காட்டுவது அதற்கு நன்றாக மேலே இருந்தது.

அதனால் நீங்கள் செய்து காட்டுகிற பக்கம் வாருங்கள். உங்கள் ரெஸ்யூமில் "கணக்குகளைப் பராமரித்தேன்" என்று ஒரே வரி இருக்கிறது, அதைப் படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் உங்கள் லெட்ஜரையும் ஒத்துப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அதைச் சொல்லுங்கள். வித்தியாசம் 900 வந்தது, 9ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது, அப்படியென்றால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று தேடினேன், 5,400 என்று வர வேண்டியது 4,500 என்று பதிவாகியிருந்தது. இப்படி ஒன்று. இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடினேன், பற்றில் போக வேண்டியது வரவில் போயிருந்தது, அதனால்தான் வித்தியாசம் இரண்டு மடங்காகக் காட்டியது. கையால் செய்த ஆளுக்குத்தான் இதைச் சொல்ல வரும். எதிரே உட்கார்ந்திருப்பவரும் கணக்குப் பார்க்கிறவர் என்றால், நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிடும். பதினாறு மாதத்தில் இப்படி மூன்று சம்பவமாவது இருக்கும், உட்கார்ந்து யோசித்து எழுதுங்கள்.

இடைவெளியை மறைக்காதீர்கள். அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், இப்போது முழு நேரம் வர முடியும் என்று இரண்டே வாக்கியம், குரலில் மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம், நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. மூன்று வருடம் என்று பொய்யாகப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். சம்பளச் சீட்டு, பழைய கம்பெனியின் கடிதம் எல்லாம் சரிபார்ப்பார்கள், சேர்ந்த பிறகு தெரிந்தால் வேலையும் போகும், கையில் இருக்கிற உண்மையான பதினாறு மாதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் சம்பளம். தொடக்கத்தில் குறைந்தால் கடைசி வரை குறைவுதானா? கனடாவில் பொருளாதார மந்தநிலைக் காலத்தில் படிப்பு முடித்து வெளியே வந்தவர்களைப் பற்றி ஒரு ஆய்வு 2012ல் வந்தது. தொடக்கத்தில் சம்பளம் சுமார் 9 சதவீதம் குறைவு, ஐந்து வருடத்தில் அது பாதியாகி, ஏறக்குறைய பத்து வருடத்தில் சரியாகியிருந்தது. அதில் பெரும் பங்கு, இன்னும் நல்ல சம்பளம் தருகிற கம்பெனிக்கு மாறியதால் வந்தது. உங்கள் நிலைமை அதேதான் என்று சொல்லவில்லை, ஆனால் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் முதல் வேலையில் சேருங்கள், ஒன்றரை இரண்டு வருடத்தில் வெளியேயும் பாருங்கள், விசுவாசம் என்று சொல்லி அங்கேயே தங்கிவிட வேண்டாம்.

மூன்று வருடம் கேட்கிற இடத்துக்கும் விண்ணப்பியுங்கள். ஆனால் போர்ட்டலில் மட்டும் போடாமல், பழைய ஆபீஸில் உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த சீனியர் யாராவது இருப்பார், அவரிடம் இந்த வாரமே பேசுங்கள். அவர் வழியாகப் போகிற ரெஸ்யூம் அந்த வடிகட்டலில் மாட்டாமல் நேராக ஒரு ஆளின் கைக்குப் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது. அந்த மூன்று சம்பவத்தை எழுதி முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள், நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.